பெங்களூருக்குப் பூ வைத்த மனிதர்



பெங்களூரைப் பூங்கா நகரம் என்கிறோம். அந்த மரங்கள் தானாகவா வந்தன? இல்லை. அதற்காக ஒரு தோட்டக்காரர் தன் வாழ்நாளையே கொடுத்தார். அவர்தான் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல்.

1865-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்தார். தோட்டக்கலை கற்று, 1888-ல் இங்கிலாந்து சென்றார். லண்டன் ஹைட் பார்க்கில் பூப்பாத்தி அமைத்தார். பிறகு கியூ தாவரவியல் பூங்காவில் வேலை. அப்போது அங்கே கலை-கைவினை இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. வீடும் தோட்டமும் ஒரே வேலைதான். மண்ணுக்கு ஒத்த செடியாகத் தேர்ந்து, ஒன்று பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி நட வேண்டும் என்று கெர்ட்ரூட் ஜெகில் போன்றோர் செய்து காட்டிய காலம் அது.

க்ரும்பிகல் 1893-ல் பரோடா சமஸ்தானத்துக்கு வந்தார். 1908-ல் மைசூர் மன்னர் அழைக்க, பெங்களூர் லால்பாக் பொறுப்பை ஏற்று 1932 வரை நடத்தினார். அங்கேதான் அவர் திறமை வெளிப்பட்டது. எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று கணக்குப் போட்டுத் தெருக்களுக்கு மரம் தேர்ந்தார். மாசி, பங்குனியில் ஜகராண்டாவின் ஊதா ஓய்ந்தால், சித்திரையில் குல்மோஹரின் சிவப்பு! வருஷம் முழுக்க ஊரில் எங்காவது பூ இருக்கணும் என்பதே திட்டம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் என்பதால் காவலில் வைத்தார்கள். ஆனாலும் அவர் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. 1956-ல் பெங்களூரிலேயே மறைந்தார். லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? ஒருநாள் இரவு வீட்டில் சைட் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். கட்டடத்தைச் சுற்றி, மரம் என்று ஒரே அளவில் பத்து வட்டம் போட்டேன். ஏலத்தோட்ட வேலை முடிந்து போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய அம்மா அதைப் பார்த்து, இதெல்லாம் என்ன மரம்டா என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. ஏலத்துக்கு மேலே எந்த மரம் நிற்கணும், மழைக்கு முன்னாடி எந்தக் கொப்பைக் கழிக்கணும் என்பது பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு அத்துப்படி. இத்தனை நாளும் அதை வெறும் கூலி வேலை என்றே நினைத்திருந்தேன். க்ரும்பிகல் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அதுவும் தொழில்நுட்பம் என்று புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

தோழர்களே! நாளை நாம் வரையப்போகும் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மரத்தின் பெயர் எழுதுவோம். தெரியாவிட்டால், தெரிந்த கைகளிடம் கேட்போம்!

- இரண்டாமாண்டு, சிவில் பிரிவு