நண்பரின் ரகசியத்தைத் துருவிய கும்பினி

புளியங்குடியில் இருந்து வடக்கே ராஜபாளையம் போகும் சாலையில் வாசுதேவநல்லூர் இருக்கிறது. அங்கே பூலித்தேவருக்கு ஒரு கோட்டை இருந்தது. இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோட்டையைப் பிடிக்கப் பீரங்கியோடு படை வந்தது.

வந்தது வெள்ளைக்காரர் படை. கேட்டதோ ஆற்காட்டு நவாபுக்குச் சேரவேண்டிய வரி!

அந்த நவாபின் பெயர் முகமது அலி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உயிர் நண்பராக இருந்தவர். அந்தக் கம்பெனியைத்தான் அக்கால மக்கள் கும்பினி என்று அழைத்தார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த நட்பு அது. ஆனால் நவாப் இறந்த பிறகு, அவர் துரோகி என்று சொல்லி அவருடைய நாட்டையே கும்பினி எடுத்துக்கொண்டது. அது எப்படி நடந்தது?

தந்தையை இழந்தார்

முகமது அலி 1717-ம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை அன்வருதீன் ஆற்காட்டு நவாபாக இருந்தார்.

1749-ல் ஆம்பூரில் பெரிய சண்டை நடந்தது. சந்தா சாகிப் என்பவர் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு போரிட்டார். அந்தச் சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டார். முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். எதிரிகள் அங்கும் வந்து கோட்டையை வளைத்தார்கள்.

அந்த நேரத்தில் கை கொடுத்தது கும்பினி. 1751-ல் ராபர்ட் கிளைவ் ஒரு சிறு படையோடு போய் ஆற்காட்டைப் பிடித்தார். மறு ஆண்டு சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலியின் பதவி நிலைத்தது.

நட்புக்கு விலை

நட்பு சும்மா கிடைக்கவில்லை. போர்ச்செலவு முழுவதும் நவாபின் கணக்கில் ஏறியது. அதைக் கட்ட அவர் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கும்பினியின் அதிகாரிகள்! அவர்கள் சொந்தமாகப் பணம் கொடுத்து, பெரிய வட்டி வாங்கினார்கள்.

வட்டிப்பணம் எங்கிருந்து வரும்? உழவர்களின் வயலில் இருந்துதான் வரவேண்டும்.

நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நவாபுக்கு வரி கட்ட மறுத்தார். 1755-ல் கர்னல் ஹெரான் படையோடு வந்தார். கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். பிறகு யூசுப்கான் வந்தார். 1761-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் கோட்டைகள் வீழ்ந்தன.

நவாப் சென்னையில் குடியேறினார். 1768-ல் சேப்பாக்கம் மாளிகை எழுந்தது. கடனும் அதைப்போல வளர்ந்தது. 1785-ல் அந்தக் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றத்திலேயே பெரிய வாக்குவாதமாக வெடித்தது.

நம்பிக்கை குறைந்தது

இருவரும் வெளியே நண்பர்கள். உள்ளே சந்தேகம்.

கும்பினிக்குத் தெரியாமல் நவாப் லண்டனுக்கு ஆள் அனுப்பினார். ஜான் மக்பர்சன் என்பவர் 1768-ல் அங்கே போய் நவாபுக்காகப் பேசினார்.

கும்பினியும் கயிற்றை இறுக்கியது. மற்ற அரசர்களோடு கும்பினியின் சம்மதம் இல்லாமல் அரசியல் கடிதப் போக்குவரத்து வைக்கக்கூடாது என்று 1792-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது.

அதே ஆண்டு மைசூர் திப்பு சுல்தான் கும்பினியோடு நடந்த போரில் தோற்றார். அவருடைய இரண்டு சிறு மகன்களும் பிணையாகச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களோடு திப்புவின் தூதர்கள் இருவர் வந்தார்கள். நவாபும் அவர் மகனும் தங்களிடம் அன்பாகப் பேசியதைத் தூதர்கள் திப்புவுக்கு எழுதினார்கள்.

1795-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந்தேதி முகமது அலி காலமானார். மகன் உம்தத்துல் உமரா நவாப் ஆனார். திருநெல்வேலி உள்ளிட்ட சீமைகளைத் தந்துவிடும்படி கவர்னர் ஹோபர்ட் அவரை வற்புறுத்தினார். புதிய நவாப் மறுத்துவிட்டார்.

அரண்மனையில் கிடைத்த கடிதங்கள்

1799-ம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். அவருடைய அரண்மனையில் இருந்த கடிதங்கள் கும்பினியின் கைக்கு வந்தன. தூதர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன. ஒரு ரகசியச் சொல் பட்டியலும் கிடைத்தது. அதில் இங்கிலீஷ்காரருக்கும் நவாபுக்கும் மாற்றுப் பெயர்கள் இருந்தன.

கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு இது போதுமானதாக இருந்தது. தகப்பனும் மகனும் எதிரியோடு சேர்ந்து சதி செய்தார்கள் என்று முடிவு கட்டினார்.

1800-ல் இரண்டு அதிகாரிகள் விசாரித்தார்கள். சதித்திட்டம் எதுவும் வெளிப்படவில்லை. நவாப் திப்புவுக்குப் படையோ பணமோ கொடுத்ததற்குச் சான்று இல்லை. பிற்காலத்தில் ஜேம்ஸ் மில் என்ற வெள்ளைக்கார வரலாற்று ஆசிரியர் இதை ஆராய்ந்தார். மைசூர் காகிதங்கள் அனைத்தும் கையில் இருந்தும், மைசூர் அதிகாரிகள் எல்லாரும் கைக்குள் இருந்தும், இதற்கு மேல் ஒன்றும் காட்ட முடியவில்லை; அதுவே நவாப் குற்றமற்றவர் என்பதற்குச் சான்று என்று அவர் எழுதினார்.

ஆனாலும் 1801 ஜூலையில், நவாப் சாகக் கிடந்தபோதே, கும்பினிப் படை சேப்பாக்கம் மாளிகைக்குக் காவல் போட்டது. 15-ந்தேதி நவாப் இறந்தார். அவருடைய மகன் அலி உசேன் நாட்டைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. உறவினரான அசீமுத்தௌலா சம்மதித்தார். பட்டம் அவருக்குக் கிடைத்தது. நாடு கும்பினிக்குப் போனது. புதிய நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும்!

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் யார் தெரியுமா? ஆற்காட்டைப் பிடித்து முகமது அலியைக் காத்த அதே கிளைவின் மகன்!

வேவு பார்ப்பது பிழையா?

நண்பரை வேவு பார்ப்பது பழைய வழக்கம்தான். நட்பு அரசர்களின் நாட்டிலும் ஒற்றர் இருக்கவேண்டும் என்று கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் சொல்கிறது. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். மக்களைக் காக்கும் அரசு விழிப்பாக இருக்கவேண்டும் என்பதில் நியாயம் உண்டு.

ஆனால் வள்ளுவர் ஒரு கட்டுப்பாடும் வைத்தார். ஓர் ஒற்றன் சொன்னதை அப்படியே நம்பக்கூடாது. ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துவந்தால்தான் நம்பவேண்டும்.

அந்தச் சோதனையைக் கும்பினி செய்யவில்லை. வேண்டிய சீமையை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற காரணத்தைக் கடிதங்களில் தேடியது. உண்மையை அறிய வேவு பார்ப்பது வேறு, பிடுங்குவதற்குச் சாக்கு தேடுவது வேறு.

இந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. ஜெர்மனி, அமெரிக்காவின் நெருங்கிய நட்பு நாடு. அதன் அப்போதைய தலைவி ஏஞ்சலா மெர்க்கலின் டெலிபோனை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாக 2013-ல் செய்தி வெளியானது. ஜெர்மனியில் பெரும் கொதிப்பு ஏற்பட்டது. அரசு வழக்கறிஞர் விசாரித்தார். கோர்ட்டில் நிற்கும் சான்று இல்லை என்று 2015-ல் விசாரணை கைவிடப்பட்டது. நட்பு முறியவில்லை. ஆனால் நம்பிக்கையில் விரிசல் விழுந்தது.

ஜெர்மனி பலமுள்ள நாடு. தட்டிக் கேட்க முடிந்தது. நவாபின் வாரிசுக்கு அந்தப் பலம் இல்லை. அவருக்கென்று பெரிய படையும் இல்லை. நண்பனின் படையை நம்பியே அவர் குடும்பம் வாழ்ந்தது.

1801-க்குப் பிறகு நெல்லைச் சீமையின் வரி நேராகக் கும்பினிக்குப் போனது. வாங்கும் கை மாறியது. வரி கட்டும் உழவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.