பேர் கொடுக்கத் தயங்குறீங்களா? முத்துலட்சுமி ரெட்டியும் தயங்கினார்!

தருமபுரியிலிருந்து சேலம் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே அதியமான்கோட்டை வந்துவிடும். தேய்பிறை அஷ்டமி அன்றைக்கு என்றால் காலபைரவர் கோயில் கூட்டத்தில் பஸ் ஊர்ந்துதான் போகும். அந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது நெல்லிக்கனி. நீண்ட ஆயுள் தரும் என்று சொல்லப்பட்ட அரிய கனியைத் தானே சாப்பிடாமல் அவ்வைக்குக் கொடுத்தாராம் அதியமான். ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோன கதை.

இந்த இதழில் அந்தக் கதையை எடுக்கக் காரணம், நம்ம லேடீஸ் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு. மாணவியர் குழுவுக்கு செகரட்டரி வேண்டும் என்று போட்டு ஒரு வாரம் ஆகிறது. ஒரு பேர்கூட வரவில்லை. காரணம் கேட்டால் நீங்க என்ன சொல்வீங்க என்று தெரியும். அரியர் இருக்கு, பிளேஸ்மென்ட் வருது, மெஸ் சாப்பாடு சரியில்லைன்னா எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க. எல்லாமே நியாயமான காரணம்தான். அதனால்தான் இதே மாதிரி தயங்கிய ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்லத் தோன்றியது.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பங்களில் பல பெண் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவார்கள். அதன்பிறகு அவர்களுக்கு வழக்கமான கல்யாணம் கிடையாது. பெரிய மனிதர்களின் தயவில்தான் வாழ்க்கை. அந்தப் பெண்கள் யார், அவர்கள் வாழ்க்கை எப்படி என்பதை முத்துலட்சுமி வீட்டிலிருந்தே அறிந்திருந்தார்.

மெட்ரிகுலேஷன் முடித்ததும் அப்பாவின் கல்லூரியிலேயே சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே அனுமதி கொடுத்தார். ஒரு வகுப்பு முழுக்கப் பையன்கள், நடுவில் நீங்க ஒருத்தி மட்டும். மெக்கானிக்கல் பிரிவில் படிக்கும் தோழிகளுக்கு அது கொஞ்சம் புரியும்!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் பெண்களைத் தன் வகுப்பில் அனுமதிப்பதே இல்லை. ஆனால் அதே பாடத்தின் தேர்வில் முத்துலட்சுமிதான் முதலிடம். அதற்குப் பிறகு அந்த வகுப்பின் கதவு மற்ற மாணவிகளுக்கும் திறந்தது. 1912-ல் பதக்கங்களோடு பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார்.

இனிதான் நம்ம விஷயம். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா போன்றவர்கள் அதை நடத்தினார்கள். முத்துலட்சுமியும் அதில் சேர்ந்தார். 1926-ல் சென்னை சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்கும் வாய்ப்பு வந்தது. சங்கத்துப் பெண்கள் இவர் பேரைச் சொன்னார்கள். அவரோ தயங்கினார். வயது 40, ரெண்டு பையன்கள், நிறைய நோயாளிகள். அரசியலில் இறங்கினால் மருத்துவம் கெட்டுவிடுமோ என்ற கவலை. ஆனால் யாராவது ஒருத்தி உள்ளே போனால்தானே வெளியே நிற்பவர்களின் குறை உள்ளே கேட்கும்? ஒப்புக்கொண்டார். மறு வருடமே அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவர்தான்.

பதவிக்கு வந்ததும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 1927-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. தேவதாசிகள் கையில் இருந்த மானிய நிலம், கோயில் சேவை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர்களுக்கே சொந்தம். கவனிச்சீங்களா? வழக்கத்தை நிறுத்து என்று சொன்னதோடு, நிறுத்தினால் அந்தப் பெண்கள் எதை வைத்துச் சாப்பிடுவார்கள் என்றும் யோசித்திருக்கிறார்.

இதில் நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் கூடி, இந்தச் சட்டம் வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். தங்கள் இசையும் நடனமும் பிழைப்பும் சொத்துரிமையும் போய்விடும் என்று பயந்தார்கள். தங்கள் எல்லாரையும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று முத்திரை குத்துவது அவர்களுக்கு வலித்தது. அந்த வலியை இன்றைக்கும் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம், அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் பொட்டுக்கட்டுவதை எதிர்த்துப் பேசினார். யாருக்காகப் பேசுகிறோமோ அவர்களே ரெண்டாகப் பிரிந்து நிற்கும்போது என்ன செய்வது? முத்துலட்சுமி தன் நிலையிலிருந்து பின்வாங்கவில்லை. நீங்க செகரட்டரி ஆனாலும் ஒருநாள் இது நடக்கும், சின்ன அளவில். கர்ஃபியூ நேரத்தைப் பற்றிப் பேசினாலே ஹாஸ்டல் ரெண்டாகும்.

1930-ல் காந்தி கைதானபோது எதிர்ப்பு தெரிவித்துப் பதவியை ராஜினாமா செய்தார். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் மசோதா அப்படியே நின்றது. சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதவி போனது. வேலை? அதே காலத்தில் பொட்டுக்கட்டிலிருந்து தப்பித்த சில சிறுமிகள் அடைக்கலம் தேடி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களை ஹாஸ்டலில் சேர்க்க முயன்றார். அந்தக் காலத்து விடுதிகள் சாதிவாரியாக நடந்தன. இந்தப் பிள்ளைகளை எந்த விடுதியும் ஏற்கவில்லை. சரி என்று தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சாதி கேட்காமல், குலம் கேட்காமல் பெண் குழந்தைகள் ஒன்றாகத் தங்கிப் படிக்க ஓர் இடம்.

அவ்வை என்ற பேரைப் பாருங்க. நெல்லிக்கனி வாங்கிய அதே அவ்வையின் பேர்தான். ஒரு பெண் படித்துத் தன் அறிவால் மதிக்கப்பட முடியும் என்பதற்குத் தமிழில் அதைவிட நல்ல பேர் ஏது?

அதோடும் நிற்கவில்லை. தங்கை புற்றுநோயில் இறந்த துக்கம் அவர் மனசில் வருடக்கணக்காக இருந்தது. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று காலமானார். இன்றைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அவர் பேரில்தான் வருகிறது. உங்க அக்காவோ அண்ணியோ வாங்கியிருப்பாங்க.

நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம். செகரட்டரி வேலை ஒன்றும் சட்டமன்றம் இல்லை. தண்ணி வரவில்லை என்றால் வார்டனிடம் போய்ச் சொல்லணும். நடுராத்திரி ஜூரம் வந்த ஜூனியரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் ஏற்பாடு பண்ணணும். முதல் வாரம் வீட்டை நினைத்து அழுகிற பொண்ணு பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரணும். முதல் வருடத்தில் உங்களுக்கும் ஒரு அக்கா இதையெல்லாம் செய்திருப்பாங்க. அவங்களுக்கும் அப்போ அரியர் இருந்திருக்கலாம்.

தயக்கம் இருந்தால் இருக்கட்டும். தயங்கிக்கொண்டே போய்ப் பேர் எழுதுங்க. நோட்டீஸ் இன்னும் போர்டில்தான் இருக்கு.