ரேச்சல் கார்சன் அம்மையாரும் உவர்ச் சதுப்பு நிலமும்

கடற்கரையை அடுத்து, ஓதம் ஏறுங்கால் நீரும் வடியுங்கால் சேறுமாய்க் கிடக்கும் உவர்ச் சதுப்பு நிலத்தை நாம் பாழ்நிலமென்றே எண்ணிவிடுகின்றோம். உழவுக்கு உதவாது, வீடு கட்ட இசையாது, கொசுக்களுக்கே உறைவிடம் என்பது அதனைப்பற்றிய உலகோர் தீர்ப்பு. இத்தீர்ப்பு பிழையென்று பொதுமக்கட்கு எடுத்துரைத்தவருள் ஒருவர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

இவர் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, பென்சில்வேனியா மாகாணத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். செல்வமில்லாத குடும்பமாயினும், புள்ளினத்தையும் பூச்சியினத்தையும் உற்றுநோக்கும் பழக்கத்தை அன்னையார் இவருக்கு இளமையிலேயே ஊட்டினார். எழுத்தாளராகும் வேட்கையோடு கல்லூரி புகுந்தவர், இடையில் ஆங்கில இலக்கியத்தை விட்டு உயிர்நூலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார். 1929இல் பட்டம் பெற்று, அவ்வாண்டுக் கோடையில் வுட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்திற் பயிலச் சென்றபோதே கடலை முதன்முதற் கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். 1935இல் தந்தையார் இறக்கவே, குடும்பப் பாரம் இவர் தோள்மேல் விழுந்தது. அக்காலத்தில் அரசாங்க மீன்வள இலாகாவிலே வானொலிக்கு எழுதித்தரும் சிறு வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு அது நிலையான உத்தியோகமாயிற்று.

பின்னர், அரசாங்கம் அமைத்த வனவிலங்குப் புகலிடங்களைப்பற்றிச் சிறு நூல்கள் வெளியிடும் பணி இவரிடம் வந்தது. 1946இல் இவர் வர்ஜீனியாக் கடற்கரையிலுள்ள சிங்கோட்டீக் புகலிடத்திற்குத் தோழியாகிய ஓவியர் ஒருவருடன் நேரிற் சென்றார். வடதுருவத்தை அடுத்த நாடுகளினின்று குளிர்காலத்திற் பறந்துவரும் வெண்ணிறப் பெருவாத்துக்களின் பொருட்டு 1943இல் நிறுவப்பட்ட இடம் அது. வலசைப் பறவைகட்குச் சதுப்பு நிலங்கள் நெடுவழியிலுள்ள சத்திரங்கள் போன்றவை. ஒன்று அழிந்தால் வழிப்போக்கர் பசியால் வாடுவர். அன்றியும், அங்கு வளரும் உப்புப்புல் மடிந்து மக்கி, ஓதநீரிற் கலந்து நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. அவற்றை இறாலும் மீன்குஞ்சும் உண்ண, அவற்றைப் பறவையும் மனிதனும் உண்கின்றனர். பாழென்று இகழப்பட்ட சேறே கடலின் அடுக்களையாம்.

மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பார்க்கர் ஆற்றுப் புகலிடத்தை அவ்வூராருட் பலர் எதிர்த்தனர். கார்சன் அம்மையார் அவர்களைப் பழித்தாரல்லர். கருவாத்துக்கள் குறைந்துவருவதையும் புகலிடத்தின் தேவையையும் பொறுமையுடன் விளக்கி 1947இல் நூலெழுதினார்.

1951இல் வெளிவந்த கடலைப்பற்றிய நூல் இவருக்குப் பெரும்புகழ் ஈட்டித்தரவே, மறு ஆண்டு உத்தியோகத்தை விடுத்தார். 1958இல் மாசச்சூசெட்ஸ் கடற்கரை ஊராகிய டக்ஸ்பரியிலிருந்து ஒரு நண்பரின் கடிதம் வந்தது. கொசுவை ஒழிக்க ஆகாய விமானம் தூவிய டி.டி.டி. மருந்தினால், தாம் பேணிய புகலிடத்திற் பறவைகள் மாண்டன என்று அவர் எழுதியிருந்தார். இவ்வம்மையார் நான்கு ஆண்டு ஆராய்ந்து, 1962இல் 'மௌன வசந்தம்' என்னும் நூலை வெளியிட்டார். மருந்தே கூடாதென்பதன்று இவர் கொள்கை. விளைவறியாது எங்கும் தூவலாகாதென்பதே. மருந்து வாணிகர் கடுமையாக ஏசினர். உடலையோ புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அதனை வெளியிற் காட்டாமல் அரசாங்க மன்றத்தின்முன் சான்று பகர்ந்தார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தமது 56ஆம் வயதில் உயிர்நீத்தார். 1972இல் அமெரிக்க அரசாங்கம் பயிர்களுக்கு டி.டி.டி. இடுவதைப் பெரும்பாலும் தடைசெய்தது.

இவர் பெரிதும் நேசித்த மெயின் மாகாணக் கடற்கரையில் 1966இல் அமைந்த உவர்ச் சதுப்புப் புகலிடம், 1969 முதல் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

உலகை விழிப்பித்த பெருநூலைப் போற்றுவோர் பலர். சம்பளத்திற்காக எழுதிய சிறு நூல்களை நினைப்போர் சிலரே. ஆயினும், சேற்றுநிலத்தை நுணுகிக் காணவும், மாறுபட்டாரிடம் காரணங்காட்டிப் பேசவும் இவர் பழகியது அச்சிறு பணியிலன்றோ? சிறு பணியையும் செவ்விதிற் செய்தவர்க்கே பெரும்பணி வாய்க்குங்கால் கை தயங்காது என்பதை நாம் இவர் வாழ்க்கையிற் காண்கின்றோம்.