முடிவுக்காகக் காத்திருந்த ஃபனி பேர்ணி அம்மையார்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்ற எங்களில் பலருக்கு ஜேன் ஒஸ்ரினின் நாவல்கள் நன்கு அறிமுகமானவை. அந்த ஒஸ்ரின் இளம்பெண்ணாக இருந்தபோது, 1796இல் வெளிவந்த 'கமிலா' என்ற நாவலுக்கு முற்பணம் கட்டியோர் பட்டியலில் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அதை எழுதியவர் ஃபனி பேர்ணி அம்மையார். அவருடைய எழுத்தைவிட, ஒரு நோய்க்காலத்தில் அவர் காட்டிய மனத்திடமே இன்று எம் நினைவுக்கு உரியது.

1752 யூன் 13ஆம் நாள் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் பிறந்தார். தந்தையார் சாள்ஸ் பேர்ணி பெயர்பெற்ற இசை ஆசிரியர். எட்டு வயதாகியும் எழுத்துக்களை அறியாத பிள்ளை என்று வீட்டார் கவலைப்பட்டனராம். பாடசாலைக் கல்வி கிட்டாத அப்பிள்ளை தந்தையின் நூல்களைத் தானே வாசித்துத் தேறியது. பெண் எழுதுவது தகாதென்று எண்ணி, பதினைந்தாவது வயதில் தாம் எழுதிய யாவற்றையும் தீயிலிட்டார். ஆயினும் எழுதாதிருக்க முடியவில்லை. 1778இல் 'எவலீனா' ஆசிரியர் பெயரின்றி வெளிவந்து இலண்டனை வியக்க வைத்தது.

1786 முதல் 1791 வரை அரசி சார்லட்டின் அரண்மனையில் பணிபுரிந்தார். 1793இல், பிரான்சிலிருந்து அடைக்கலம் புகுந்திருந்த டார்ப்ளே என்ற படை அதிகாரியை மணந்தார். 1802இல் கணவருடன் பிரான்ஸ் சென்றவர், இரு நாடுகளுக்கும் இடையே மூண்ட போரினால் பத்தாண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது.

1810 ஓகஸ்ட் மாதம், 58 வயதில், வலது மார்பில் வலி கண்டது. சிறிய விடயம், தானாக மாறிவிடும் என்று நாட்களைக் கடத்தினார். கணவரும் தோழியரும் வற்புறுத்திய பின்னரே வைத்தியர்களைக் காணச் சம்மதித்தார். புகழ்பெற்ற வைத்தியர் டுபுவா வந்து பார்த்தார். அவர் கணவரோடு தனியே நெடுநேரம் பேசிவிட்டுச் சென்றார். நோயாளிக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்த கணவரின் முகத்திலிருந்துதான் அம்மையார் செய்தியை அறிந்துகொண்டார்.

பின்னர் நெப்போலியனின் படைவைத்தியர் லாரே பொறுப்பேற்றார். இடையில் சுகம் காண்பதுபோல் இருந்தது. பின் மீண்டும் மோசமானது. லாரே தனித்து முடிவெடுக்க விரும்பாமல் வேறு வைத்தியர்களையும் அழைத்தார். ஒவ்வொரு சோதனையின் பின்னும் வீட்டில் மீண்டும் காத்திருப்பு. முடிவில் சத்திரசிகிச்சையே வழியென்று கூறினர். அதன் பிறகும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நாள் குறிக்கப்படவில்லை. சில மணித்தியாலங்களுக்கு முன்னரே அறிவிப்பதென்பது ஏற்பாடு.

1811 செப்ரெம்பர் 30ஆம் நாள் காலை அறிவித்தல் வந்தது. கணவர் அந்தக் காட்சியைக் காணக் கூடாதென்று அவரை அலுவலகத்திலேயே தங்கவைக்க ஒழுங்கு செய்தார். கணவருக்கும் மகனுக்கும் சில வரிகள் எழுதி வைத்தார். வைத்தியர்கள் வரத் தாமதித்ததால், கட்டுத்துணிகளும் பஞ்சும் குவித்திருந்த அறையில் மேலும் இரண்டு மணித்தியாலங்கள் உலாவிக்கொண்டிருந்தார். கறுப்பு உடையணிந்த ஏழு ஆடவர் வந்தனர். மயக்க மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மதுவில் கலந்த பானம் மட்டுமே கொடுத்தனர். முகத்தின்மீது போட்ட மெல்லிய துணியினூடாக அவருக்கு எல்லாமே தெரிந்தன. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கத்தி தொழிற்பட்டது. இருமுறை மயங்கினார். முடிவில் லாரேயின் முகமும் வெளிறியிருந்ததைக் கண்டு, அவருக்காகவும் இரங்கினார்.

இவற்றையெல்லாம் இங்கிலாந்திலிருந்த அக்கா எஸ்தருக்கு எழுதினார். 1812 மார்ச்சில் தொடங்கிய அக்கடிதம் யூனில்தான் முடிந்தது. நினைத்தாலே தலைவலி வந்ததால் எழுதியதைத் திருப்பி வாசிக்கவும் அவரால் இயலவில்லை. இருந்தும் எழுதினார். தாம் முதலில் கொண்டிருந்த பொய்யான நம்பிக்கையைச் சகோதரிகளும் பெறாமக்களும் ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அது உண்மையில் புற்றுநோய்தானா என்று உறுதிசெய்ய அக்காலத்தில் வழியிருக்கவில்லை. இன்றைய வைத்தியர்களும் திட்டமாகச் சொல்வதில்லை. ஆனால் அம்மையார் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1814இல் இன்னொரு நாவலையும், 1832இல் தந்தையாரின் வரலாற்றையும் வெளியிட்டார். கணவரையும் ஒரே மகனையும் முன்னே அனுப்பிவிட்டு, 1840 சனவரி 6ஆம் நாள் தமது 87ஆவது வயதில் கண்மூடினார்.

உலகெங்கும் பரந்து வாழும் எம் பழைய மாணவிகளுள், சோதனை முடிவுக்காக இன்று வைத்தியசாலை வாங்கில் காத்திருப்பவர்களும் இருப்பீர்கள். அம்மையாருக்கு இல்லாத மயக்க மருந்தும், நோயை உறுதிசெய்யும் சோதனையும், முடிவை நேரே கேட்டறியும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வலியையோ கட்டியையோ மறைத்து வைத்திருப்பவர் எவராயினும், அந்த அக்காவுக்கு எழுதிய கடிதம் தமக்கும் எழுதப்பட்டதென்று எண்ணி, நாளைக்கே வைத்தியரிடம் செல்லுங்கள்.