ஓகஸ்ட் வோலர்: இரும்பின் களைப்பை எண்ணிய மனிதர்

மாத்தளையிலிருந்து கண்டிக்கு ரயிலில் போனால் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி வரும். பாலத்தில் ஏறியதும் பெட்டியின் சத்தமே மாறிவிடும். சின்ன வயதில் அந்த இடத்தில் யன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். போரைப் பார்த்த நமக்குப் பாலம் உடைவதென்றால் குண்டுதான் நினைவுக்கு வரும். சத்தமில்லாமலும் பாலம் சாகும் என்பதை ஓகஸ்ட் வோலரைப் படித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

வோலர் 1819இல் ஜேர்மனியின் சோல்ட்டாவ் என்ற ஊரில் பிறந்தார். ஹனோவரில் படித்து, பெர்லினில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே எஞ்சினின் அச்சு முறிந்து ரயில் தீப்பற்றியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நேற்றுவரை தாங்கிய அதே பாரத்துக்கு இன்று ஏன் அச்சு முறிகிறது? ஒருவருக்கும் விளங்கவில்லை.

1847இல் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்ஃபர்ட் நகரில் ரயில் வேலைத்தளத்துக்குப் பொறுப்பானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான். அச்சுகளைச் சுழற்றியபடியே வளைக்கும் இயந்திரங்களைத் தானே அமைத்தார். சில துண்டுகளைக் கோடிக்கணக்கான சுற்றுகள் ஓடவிட்டார். என்ன பொறுமை! 1870இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: பாரத்தின் அளவு மட்டுமல்ல, அது ஏறி இறங்கும் வித்தியாசமே இரும்பைக் களைக்க வைக்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே நின்றால், எத்தனை முறை வளைத்தாலும் முறியாது.

பாலம் கட்டுவோருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அவர் சோதித்தது வேலைத்தளத்தின் காய்ந்த இரும்பை. ஆற்றின் மேல் மழையில் நனையும் இரும்பை அல்ல.

வோலர் 1914இல், 94 வயதில் இறந்தார். 1920களில் அமெரிக்கர் மக்காடம் உருக்கைத் தண்ணீரில் நனைத்தபடி சோதித்தார். அந்த எல்லை காணாமல் போயிருந்தது. துரு உருக்கில் சிறு குழி தோண்டும். வண்டி போகும்போதெல்லாம் இழுவிசை அந்தக் குழியின் அடியில் குவியும். அங்கே வெடிப்பு பிறக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போகும், புதிதாகத் திறந்த உருக்கையும் தின்னும். 1967இல் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றுப் பாலமொன்று விழுந்து 46 பேர் இறந்தனர். ஒரே ஒரு சட்டத்தில் இருந்த, சுமார் இரண்டரை மில்லிமீற்றர் ஆழ வெடிப்பில் தொடங்கியது அது.

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல், வோலர் உயிரோடிருந்த காலத்தில். இங்கே தோட்டப் பாதைகளில் ஓடைகளைக் கடக்க இரும்புச் சட்டங்கள் போட்ட சிறு பாலங்களும் உண்டு. அடுத்த முறை கடக்கும்போது அடியில் குனிந்து பாருங்கள். தண்ணீர் தேங்கும் மூலைகள், ஆணித் தலைகள், சட்டத்தின் நுனிகள். பெயின்ற்றைக் கீறிக்கொண்டு மெல்லிய துருக்கோடு ஒன்று வழிந்திருந்தால் படமெடுத்துப் பிரதேச சபைக்குக் கொடுங்கள்.