கவிமணியின் சொல்லும் தொனியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் களியக்காவிளையைக் கடந்ததும் பாறசாலையும், அதற்கப்பால் நெய்யாற்றின்கரையும் வருகின்றன. இன்று இடையில் மாநில எல்லை உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன் அங்கு எல்லை இல்லை. இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அக்காலத்தில் நாஞ்சில் நாட்டில் தோன்றித் திருவனந்தபுரத்திலும் பணியாற்றியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை.

இவர் 1876-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் தேரூரில் பிறந்தார். பெற்றோர் சிவதாணுப் பிள்ளை, ஆதிலட்சுமி. பள்ளியில் இவர் கற்ற மொழி மலையாளம். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவியிடம் தனியே கற்றார். மாணவர்களே, பள்ளியில் கிடைக்காத தாய்மொழியைத் தேடிச் சென்று பெற்ற ஒருவரே பின்னாளில் தமிழ்க் குழந்தைகளின் கவிஞரானார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கவிமணி முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக விளங்கி, 1931-இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் வாழ்ந்தார். சிறுவர் உள்ளத்தை அறிந்த அவர், அகராதியில் தேட வேண்டிய சொற்களை விலக்கி, வீட்டில் வழங்கும் சொற்களைத் தேர்ந்தார். பசுவையும் கன்றையும் பற்றிய அவரது பாடலில் வரியின் இறுதிதோறும் பசுவும் கன்றும் மாறி மாறி வருகின்றன. பாடல் முழுவதும் தாயும் சேயும் பிரியாமலே இருக்கின்றன. சொல் திரும்ப வருவதால் ஓசை மட்டுமன்றி அன்பும் பிறக்கிறது.

அவரே வேறு தொனியிலும் பாடினார். அக்கால நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே தந்தையின் சொத்து பெரும்பாலும் மகனுக்குச் செல்லாமல், தந்தையின் சகோதரி மகனுக்குச் சென்றது. கணவனை இழந்த மனைவியும் மக்களும் வறுமையில் வாடினர். இக்கொடுமையைக் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் நூலில் பாடினார். மான்மியம் என்பது தலப்பெருமை கூறும் நூலுக்குரிய பெயர். சிறுமையைப் பாடும் நூலுக்குப் பெருமையின் பெயரைச் சூட்டியதே அங்கதத்தின் தொடக்கம். ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணே கதை கூறுகிறாள். அவளது வீட்டுப் பேச்சு முதலில் சிரிக்க வைக்கிறது. பின்னர் அச்சிரிப்பே நெஞ்சை உறுத்துகிறது. இது 'தமிழன்' இதழில் தொடராக வெளிவந்தது. 1926-இல் சட்டம் அம்முறையை மாற்றியது. அதற்கு மக்கள் மனத்தைப் பண்படுத்திய குரல்களுள் இந்நூலும் ஒன்று.

புத்தர் வரலாறு கூறும் 'ஆசிய ஜோதி'யில் மூன்றாவது தொனியைக் கேட்கிறோம். வேள்விக்குச் செல்லும் ஆடுகளுக்காகப் புத்தர் மன்னனிடம் பரிந்து பேசும் இடத்தில் சினமில்லை, ஏளனமில்லை, இரக்கமே உண்டு. கேட்போர் அரசரா, குழந்தையா, ஊராரா என்பதற்கேற்பக் கவிமணியின் தொனி மாறியது. சொல்லின் எளிமை மாறவில்லை.

1940-இல் 'கவிமணி' பட்டம் பெற்ற இவர், 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்துத் தேரூர் தமிழ்நாட்டுப் பகுதியாயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் தமிழ் பயிலும் உங்களுக்கும் அவர் பாடல்கள் உரியவையே.

பயிற்சி

1. 'மான்மியம்' என்னும் பெயர் அங்கதமாவது எவ்வாறு?
2. பசு, கன்று பாடலில் ஒரே சொற்கள் திரும்ப வருவதன் பயன் யாது?
3. உங்கள் ஊர் வழக்கம் ஒன்றனை முதலில் இரக்கத்துடனும், பின்னர் அங்கதமாகவும் ஐந்து வரிகளில் எழுதுக.