ஓசையற்ற உலகில் ஓர் இசைமேதை

ஓவியருக்குக் கண்கள் எவ்வளவு இன்றியமையாதவையோ, அவ்வளவு இன்றியமையாதவை இசைக் கலைஞருக்குச் செவிகள். அந்தச் செவிகளே சிறிது சிறிதாகச் செயலிழந்து போனால் அவர் என்ன செய்வார்? உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் லுட்விக் வான் பீத்தோவன் தம் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியை இந்தக் கேள்வியோடுதான் கழித்தார்.

பீத்தோவன் 1770ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் உள்ள பான் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அரசவை இசைக்குழுவின் தலைவராக இருந்தவர். தந்தை அரசவைப் பாடகர். தந்தை தம் மகனுக்கு மிகக் கண்டிப்புடன் இசை கற்பித்தார். ஏழு வயதிலேயே பீத்தோவன் மேடையேறிப் பியானோ வாசித்தார். ஆனால், வீட்டில் நிம்மதி இல்லை. தந்தை குடிப்பழக்கத்திற்கு அடிமையானார். பீத்தோவனுக்குப் பதினாறு வயதானபோது தாயார் காலமானார். தம்பியர் இருவரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடைய இளம் தோள்களில் விழுந்தது.

1792ஆம் ஆண்டு பீத்தோவன் வியன்னா நகருக்குச் சென்று, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஹைடனிடம் இசை பயின்றார். முன்கூட்டியே எழுதி வைக்காமல், அந்த நொடியிலேயே புதிய இசையைக் கற்பனை செய்து பியானோவில் வாசிக்கும் அவரது திறன் அந்நகரை வியப்பில் ஆழ்த்தியது. செல்வந்தர்கள் தங்கள் மாளிகைகளுக்கு அவரைப் போட்டி போட்டுக்கொண்டு அழைத்தனர். புகழும் பொருளும் அவரைத் தேடி வந்தன.

இந்த நேரத்தில்தான் அவருடைய காதுகளில் கோளாறு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். இரவும் பகலும் காதுக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. சற்றுத் தொலைவில் இருந்தால் இசைக்கருவிகளின் உயர்ந்த சுரங்கள் அவருக்குக் கேட்கவில்லை. நாடக அரங்கில் நடிகர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள, மேடைக்கு மிக அருகே சென்று அமர வேண்டியிருந்தது. மற்றவர்கள் மெல்லப் பேசினால் குரல் கேட்டது. ஆனால், சொற்கள் விளங்கவில்லை. யாரேனும் உரக்கக் கத்தினாலோ அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பீத்தோவன் இதனை எவரிடமும் சொல்லவில்லை. காது கேளாத இசைக் கலைஞர் என்று ஊர் பேசினால் தம் தொழில் என்னவாகும் என்று அஞ்சினார். போட்டியாளர்கள் இதை அறிந்தால் எள்ளி நகையாடுவார்களோ என்று கலங்கினார். ஆகவே, நண்பர்கள் கூடும் இடங்களுக்குச் செல்வதை ஏறத்தாழ ஈராண்டுகள் தவிர்த்தார். அவர் கர்வம் பிடித்தவர், யாரோடும் ஒட்டாதவர் என்று பலர் தவறாக எண்ணினர். 1801ஆம் ஆண்டில்தான், பான் நகரில் மருத்துவராக இருந்த தம் பால்ய நண்பர் வெகலருக்குக் கடிதம் எழுதி உண்மையைச் சொன்னார். இதை வேறு யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

அக்கால மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்து பார்த்தனர். காதில் பாதாம் எண்ணெய் விட்டனர். குளிர்ந்த நீரில் குளிக்கச் சொன்னார் ஒருவர். வெதுவெதுப்பான நீரில் குளிக்கச் சொன்னார் மற்றொருவர். கைகளில் மரப்பட்டையைக் கட்டிக் கொப்புளம் வரச் செய்யும் வேதனை தரும் சிகிச்சையும் நடந்தது. எதுவும் பலன் தரவில்லை.

1802ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், மருத்துவரின் ஆலோசனைப்படி பீத்தோவன் வியன்னாவுக்கு அருகில் உள்ள ஹைலிகன்ஸ்டாட் என்னும் அமைதியான சிற்றூரில் தங்கினார். ஒருநாள் தம் மாணவர் ரீஸுடன் நடந்து சென்றபோது, தொலைவில் ஓர் ஆட்டிடையர் குழல் ஊதிக்கொண்டிருந்தார். ரீஸ் அந்த இனிய இசையைச் சுட்டிக்காட்டினார். பீத்தோவன் அரை மணி நேரம் உற்றுக் கேட்டும் எதுவும் செவியில் விழவில்லை. ஆசிரியரின் முகம் வாடுவதைக் கண்ட ரீஸ், தமக்கும் இப்போது எதுவும் கேட்கவில்லை என்று சமாளித்தார். பீத்தோவன் பேச்சிழந்து காணப்பட்டார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவர் தம் தம்பியருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். மக்களோடு பழக ஆசை இருந்தும் விலகி வாழ வேண்டிய துயரத்தை அதில் கொட்டினார். வாழ்வையே முடித்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்ததாகவும், தமக்குள் இருக்கும் இசையை எல்லாம் வெளிப்படுத்தும்வரை உலகைவிட்டுப் போக மனமில்லை என்பதால் தம் கலையே தம்மைத் தடுத்து நிறுத்தியதாகவும் அதில் குறிப்பிட்டார். அக்கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை. ஆனால், அதை எழுதிய பிறகு புதிய உறுதியோடு வியன்னாவுக்குத் திரும்பினார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் பல பிறந்தன. 1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஐந்தாம் சிம்பொனியும் ஆறாம் சிம்பொனியும் ஒரே மேடையில் முதன்முறையாக அரங்கேறின. காது மந்தமான ஒருவரால் எப்படி இசையமைக்க முடிந்தது? சிறு வயது முதல் கேட்டும் வாசித்தும் பயின்ற ஒவ்வொரு கருவியின் ஒலியும் அவருடைய மூளையில் பதிந்திருந்தது. நாம் வாய்திறக்காமல் மனத்திற்குள் படிப்பதைப்போல, அவர் தாளில் எழுதிய சுரங்களை மனத்திற்குள்ளேயே கேட்டார். நடைப்பயிற்சியின்போதும் கையில் குறிப்பேடு வைத்திருந்து, தோன்றியதை உடனே எழுதிக்கொண்டார்.

ஆனால், மனத்திற்குள் கேட்கும் திறன் அவருடைய மேடை வாசிப்பைக் காப்பாற்றவில்லை. 1814ஆம் ஆண்டு அவர் பியானோ வாசித்ததைக் கேட்டவர்கள் மனம் வருந்தினர். உரத்த பகுதிகளில் கம்பிகள் அதிரும்படி ஓங்கி அடித்தார்; மென்மையான பகுதிகளில் விரல் பட்டும் ஒலி எழவில்லை. அந்த வேறுபாடு அவருக்குத் தெரியவில்லை. விரைவில் அவர் மேடையில் பியானோ வாசிப்பதைக் கைவிட்டார்.

இக்காலத்தில் மெல்ட்செல் என்னும் கண்டுபிடிப்பாளர் அவருக்காகச் செவிக்குழல்கள் சிலவற்றைச் செய்து கொடுத்தார். உலோகத்தாலான இந்தக் குழலின் ஒரு முனை அகன்றும் மறு முனை குறுகியும் இருக்கும். அகன்ற முனை ஒலியைத் திரட்டிக் குறுகிய முனை வழியாகக் காதுக்குள் செலுத்தும். அது ஓரளவுதான் உதவியது. அவர் பயன்படுத்திய செவிக்குழல்களைப் பான் நகரில் அவர் பிறந்த வீட்டின் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

1818ஆம் ஆண்டு முதல், அவரைக் காண வந்தவர்கள் தாங்கள் சொல்ல விரும்பியதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். பீத்தோவன் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அந்தக் குறிப்பேடுகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றில் வந்தவர்களின் கேள்விகள் இருக்கின்றன. பீத்தோவனின் விடைகள் பெரும்பாலும் இல்லை. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்பதுபோன்ற அனுபவத்தை அவை தருகின்றன.

1824ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது. பீத்தோவன் மேடையில் நின்று தாளகதியைக் காட்டினார். ஆனால், இசைக்குழுவை உண்மையில் வழிநடத்தியவர் உம்லாவுஃப் என்பவரே. அரங்கமே கைதட்டி ஆர்ப்பரித்தது. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்ற பீத்தோவனுக்கு அது தெரியவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரை மெல்லப் பார்வையாளர் பக்கம் திருப்பினார். காதால் கேட்க முடியாத பாராட்டை அவர் கண்ணால் காணட்டும் என்று மக்கள் கைக்குட்டைகளையும் தொப்பிகளையும் உயர்த்தி அசைத்தனர்.

1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தமது 56ஆம் வயதில் பீத்தோவன் காலமானார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். ஹைலிகன்ஸ்டாட்டில் எழுதிய கடிதம் அவருடைய உடைமைகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் மனத்தில் சுமந்த பாரத்தை உலகம் அப்போதுதான் அறிந்தது.

இன்று காது கேட்கும் கருவி விரல்நுனி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதிலுள்ள நுண்ணொலிவாங்கி ஒலியைப் பெற்று, ஒருவருக்கு எந்தச் சுரங்கள் கேட்கவில்லையோ அவற்றை மட்டும் கூட்டித் தருகிறது. செவித்திறன் குறைவு காதோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் மருத்துவ உலகம் உணர்ந்துள்ளது. சொற்கள் தெளிவாக விழாதபோது, அவற்றை ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடுகிறது. பேச்சைத் தவிர்த்து ஒதுங்கி வாழ்வோரின் மூளைக்கு வேலையும் குறைகிறது. கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு முதுமை மறதிநோய்க்கான வாய்ப்பை அதிகரிக்கும் காரணிகளுள் ஒன்று என ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இருந்தும், கருவி அணிந்தால் பிறர் என்ன நினைப்பார்களோ என்று தயங்கும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் தாத்தாவும், கேட்காமலே தலையாட்டிச் சிரிக்கும் பாட்டியும், பீத்தோவனைப் போலவே எதையோ மறைத்துக்கொண்டிருக்கலாம். பீத்தோவனுக்குச் செவிக்குழலைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நம்மவர்களுக்கு வழி இருக்கிறது. அவர்கள் அருகில் அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசி, செவிப் பரிசோதனைக்கு உடன் வருவதாகச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பேரப்பிள்ளையாக இருந்தால், அவர்கள் மறுக்கவா போகிறார்கள்?